சம்பந்தியின் எடைக்கல்

செல்லுக்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். சாதாரண நாளில் நடைக்கூடத்தின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் கேட்கும் தொண்டை, கோபம் வந்ததும் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத அளவுக்குத் தணிந்துவிடும். அப்படித் தணிந்த நாட்களில் அந்த மருத்துவமனை ஆராய்ச்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று வேறெங்கோ அவசர வேலை வந்துவிடும்.

அன்று அவள் கணினித் திரையைப் பார்த்து, உதடு அசைந்ததோ இல்லையோ என்கிற மாதிரி, "அடப்பாவி சம்பந்தி," என்றாள். அறையில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார்கள்.

புற்றுநோய்ச் செல்களைக் குடுவையில் வளர்ப்பது அவள் தொழில். எது எப்போது பசிக்கும், எது இடம் போதாமல் முறைக்கும், எது சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும் என்று பார்த்துப் பார்த்துத் தலை நரைத்தவள். கட்டடமே அவளைச் செல்லுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. சம்பந்தி அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடி. ஜீன் துறைக்குத் தலைவர். அவருடைய ஒரே மகனுக்கு இவள் தன் ஒரே மகளைக் கொடுத்திருந்தாள். பெண் கொடுத்ததோடு விட்டதா? சோதனைக்குச் செல்லும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். பெண்ணுக்கு வயதாகிச் சூலகம் கடையைச் சாத்திவிட்ட பிறகும் ஈஸ்ட்ரோஜன் வியாபாரம் நிற்பதில்லை. கொழுப்பும், மார்பகத் திசுவும், சில சமயம் புற்றுச் செல்லேகூட, உடம்பில் திரியும் ஆண் ஹார்மோனை வாங்கி, அரோமடேஸ் என்கிற நொதியை வைத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். மார்பகப் புற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் தீனி. அந்த நொதியின் கையைக் கட்டிப்போட மாத்திரைகள் இருக்கின்றன. நல்ல மாத்திரைகள்தான், என்ன, மூட்டுக்கு மூட்டு வலியெடுக்கும். சம்பந்தி வேறு வழி கண்டேன் என்றார். குடலே சுரக்கிற ஒரு பெப்டைடு, அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த குட்டைச் சரம். அதைச் செல்களுக்குக் கொடுத்தால் அரோமடேஸைச் செய்யச் சொல்லும் ஜீனே வாயை மூடிக்கொள்கிறது, பாதிக்குப் பாதி அடங்கிவிடுகிறது என்று கட்டுரை எழுதினார். கட்டுரையில் முதல் பெயர் மகனுடையது, கடைசிப் பெயர் அப்பாவுடையது. அந்த உலகத்தில் முதலும் கடைசியும்தான் பெயர். நடுவில் இருப்பவர்கள் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர்கள்.

அடுத்து அதைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று சம்பந்தி கிளம்பினார். புற்று என்று உறுதியான நாளுக்கும் அறுவைக்கும் இடையே சில வாரங்கள் இருக்கும் அல்லவா, அந்த இடைவெளியில் மாத்திரைக்குப் பதிலாகப் பெப்டைடு ஊசி. மருத்துவமனையின் குழு உடனே தலையாட்டவில்லை. வேறொரு ஆய்வகத்தில் ஒரு தடவை திரும்பச் செய்து காட்டுங்கள் என்றது. வெளியில் எத்தனையோ ஆய்வகங்கள் இருக்க, சம்பந்தி லிஃப்டில் ஏறி நேரே இரண்டாம் மாடிக்கு இறங்கினார்.

"நம்ம வீட்டுக்குள்ளயே முடிச்சிடலாம் சம்பந்தியம்மா. வெளியாளுக்கு எதுக்குத் தொந்தரவு?"

கடைத்தெருவில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், சாட்சியைத் தானே கூட்டிவருகிறவனிடம் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று. செல்லுக்காரம்மா கடைத்தெருவில் வளர்ந்தவள் இல்லை. வாழ்க்கைப்பட்டது மட்டும்தான் இரும்புக்கடைக்காரருக்கு. சரி என்றாள்.

செய்ததை ஒழுங்காகவே செய்தாள். செல் வளர்க்கும் திரவத்தில் வழக்கமாகச் சேர்க்கும் சிவப்புச் சாயத்தை எடுத்துவிட்டாள். அந்தச் சாயம் ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடும். சீரத்தைக் கரியில் வடித்து அதில் ஒட்டியிருந்த ஹார்மோனையும் கழித்தாள். பெப்டைடு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் ஜாதி என்பதால் ஒட்டாத குழாயாகத் தேடி எடுத்தாள். பாதிக் கிண்ணங்களுக்குப் பெப்டைடு, பாதிக்கு வெறும் கரைசல். ஒரு நாள் கழித்து ஆர்.என்.ஏ. பிரித்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு எடுத்து, எந்த ஜீன் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் பிசிஆர் இயந்திரத்தில் ஏற்றினாள். ஐந்தாம் மாடியிலிருந்து வந்த முறைப்படியே கணக்குப் போட்டதும் படம் வந்தது. அரோமடேஸ் பாதியாகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சியில் அந்தப் படத்தை அப்படியே சம்பந்திக்குக் கைபேசியில் அனுப்பி, "உங்களுக்கு வந்ததேதான்," என்று எழுதியும் விட்டாள். பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு கைகள் வந்தன.

இயந்திரத்திலிருந்து எடுத்த தட்டைக் குப்பையில் போடுமுன் மூல எண்களை ஒரு தடவை பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அரோமடேஸின் எண் நகரவே இல்லை. பெப்டைடு போட்ட கிண்ணத்திலும் போடாத கிண்ணத்திலும் ஏறத்தாழ அதே எண். நகர்ந்தது வேறொன்று.

இந்தச் சோதனையில் ஒரு ஜீனைத் தனியாக எடை போட மாட்டார்கள். எல்லாச் செல்லிலும் எப்போதும் மாறாமல் ஓடும் என்று நம்பப்படுகிற வேறொரு ஜீனைத் தராசின் மறுதட்டில் வைத்து, அதற்கு இது எவ்வளவு என்று பார்ப்பார்கள். எடைக்கல் மாதிரி. ஐந்தாம் மாடியில் காலங்காலமாக ஒரே எடைக்கல்தான்: சர்க்கரையை உடைக்கும் நொதி ஒன்றின் ஜீன். சம்பந்தியின் பெப்டைடு என்ன செய்கிறதென்றால், செல்லுக்குச் சர்க்கரைப் பசியைக் கிளப்பிவிடுகிறது. எடைக்கல் தின்று கொழுக்கிறது. கல் கனத்தால் மறுதட்டில் இருக்கும் சரக்கு இளைத்த மாதிரிதான் தெரியும்.

பெப்டைடுக்கு அசையாத வேறு மூன்று ஜீன்களை எடைக்கல்லாக வைத்துச் சோதனையை முதலிலிருந்து செய்தாள். புதுச் செல், புதுக் கிண்ணம். அரோமடேஸ் குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது. திரும்பச் செய்தாள். மறுபடியும் கூடியிருந்தது. அப்போதுதான் அந்த "அடப்பாவி சம்பந்தி".

ஐந்தாம் மாடியில் சம்பந்தியின் அறை குளிர்சாதனத்தில் விறைத்துக் கிடக்கும். வந்தவர் உட்காரும் நாற்காலி அவருடையதைவிட ஒரு சாண் தாழ்வு. அது தற்செயல் என்று யாரும் நம்புவதில்லை. செல்லுக்காரம்மா உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. கேட்டுக்கொண்டே மேசையில் இருந்த பேனாக்களை உயரவாரியாக அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டுப் பேரத்தை ஆரம்பித்தார்.

"அடிச்சு 'குறைக்கிறது'ன்னு சொல்ல வேணாம். 'குறைக்கக்கூடும்'னு போட்டுக்கலாம்."

"கூட்டுதுங்க."

"சரி, 'குறைக்கும் போக்குத் தென்படுகிறது'."

"கூட்டுது சம்பந்தி."

"'சில சூழல்களில் மாற்றுகிறது.' இதுக்கு மேல என்னால இறங்க முடியாது."

புடவைக்கடையில் பத்துப் பத்தாக விலை இறங்குகிறவரைப் பார்த்திருக்கிறோம். வினைச்சொல்லில் ஒவ்வொரு படியாக இறங்கினவர் இவர் ஒருவர்தான். ஒவ்வொரு படியிலும் தன் கையை விட்டு ஏதோ போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவள் ஒரே விலையில் நின்றாள்.

அந்த ஜீனை வைத்துத்தான் இந்தத் துறை இத்தனை வருஷமாக எடை போடுகிறது, அதைச் சந்தேகப்பட்டால் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியிருக்குமே என்றார். பட்டுத்தான் பாருங்களேன் என்றாள் இவள். உங்கள் செல் வயதானதாக இருக்கும் என்றார். செல்லும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம் என்றாள். கடைசியாக அவர் பேனாக்களை விட்டுவிட்டு, குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"கட்டுரைல முதல் பேரு பையன் பேரு. அந்தப் பேருக்குப் பின்னாடி உங்க பொண்ணு நிக்கிறா. யோசிச்சுக்குங்க."

வாங்க வந்தவர் வெளியேறினால் பின்னாலேயே கூப்பிடுவார்கள் என்பது கடைச் சம்பிரதாயம். அவள் வெளியேறினாள். அவர் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தரைத்தளம் வரை நடந்தே வந்துவிட்டாள். அங்கே புற்றுநோய்ப் பிரிவின் பெஞ்சில் ஒரு தெரிந்த முகம். அவள் தினமும் ஏறும் பஸ்ஸின் கண்டக்டரம்மா. ஆள் கொஞ்ச நாளாகவே பஸ்ஸில் இல்லை. மாற்றலாகிப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தாள்.

"என்ன மேடம், இன்னைக்காவது சில்லறை வெச்சிருக்கீங்களா?" என்றாள் கண்டக்டரம்மா, பெஞ்சில் இடம் ஒதுக்கிக்கொண்டே. தனக்கு மார்பில் கட்டி, பரிசோதித்தாயிற்று, ஹார்மோன் தின்கிற வகை என்று சொல்லிவிட்டார்கள் என்பதையெல்லாம் அடுத்த நிறுத்தம் எது என்று சொல்கிற தோரணையிலேயே சொன்னாள். பிறகுதான் முக்கியமானது வந்தது.

"அஞ்சாம் மாடிப் பெரிய டாக்டர் ஏதோ புது ஊசி வருதுன்னாராம். அது வர்ற வரைக்கும் மாத்திரை போடக் கூடாதாம், உடம்பு சுத்தமா இருக்கணுமாம். ஆபரேஷனையும் தள்ளிட்டாங்க. நானும் சுத்தமா உக்காந்திருக்கேன்."

"எவ்வளவு நாளா?"

"பெரியவளுக்குப் பரீட்சை ஆரம்பிச்சப்ப சொன்னாங்க. பரீட்சை முடிஞ்சு லீவும் முடியப் போகுது மேடம்."

செல்லுக்காரம்மா செவிலியரிடம் போய் விசாரித்தாள். ஆமாம் என்றாள் செவிலி. கண்டக்டரம்மா மட்டும் இல்லை, இன்னும் சில பேர் இருக்கிறார்கள். குழுவின் ஒப்புதல் இந்த வாரம் வந்துவிடும் என்று மேலிருந்து வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். வந்ததும் ஆரம்பிக்க ஆள் தயாராக இருக்க வேண்டுமாம். கடையே திறக்கவில்லை, அதற்குள் வரிசையில் ஆள் நிறுத்தியாயிற்று. அதுவும் யாரை? தீனி கிடைத்துக்கொண்டிருக்கிற கட்டியோடு, அந்தத் தீனியை நிறுத்துகிற மாத்திரையைக் கொடுக்காமல். நாளைக்குப் போடப் போவதோ தீனியைக் கூட்டுகிற ஊசி.

கண்டக்டரம்மாவிடம் திரும்பி வந்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்கிறேன் என்றாள். சொன்னது கண்டக்டரம்மாவுக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் இரும்புக்கடைக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கதை கேட்டார். அரோமடேஸ், பெப்டைடு எல்லாம் அவர் காதைத் தொட்டுவிட்டு வெளியே போயின. எடைக்கல் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"கல்லு கனத்துப்போச்சு, அவ்வளவுதானே. எங்க தெருவுல இதுக்குக் கடையைச் சீல் வெப்பாங்க."

"அப்ப நான் சொல்றது சரிதானே?"

"சரிதான். ஆனா சரியா இருக்கிறதையெல்லாம் சம்பந்தி வீட்ல பேச முடியுமா? அந்தக் கல்லைக் கொண்டுபோய் நம்ம பொண்ணு தலையில போட்டுடாதே."

அவருடைய யோசனை எல்லாம் வியாபாரியின் யோசனை. உடம்பு சரியில்லை என்று வெள்ளிக்கிழமை லீவு போடு. குழுவே கேட்டால் அப்போது சொல். கேட்காத விலையை நீயாகச் சொல்லாதே. நல்ல மனிதர்தான். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரையும் பகைத்துக்கொண்டதில்லை. அதற்குள் மகளிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஐந்தாம் மாடியிலிருந்து சேதி அவள் வீட்டுக்கு லிஃப்டைவிட வேகமாகப் போயிருந்தது. மகள் நோயாளிகளின் கைகால்களைப் பிடித்துச் சரிசெய்யும் பிசியோதெரபிஸ்ட், பிடித்தால் விடமாட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உனக்கு அவர் அப்பாவைப் பிடிக்காது, இப்போது அவரைக் கவிழ்க்க என் புருஷனைப் படியாக வைத்து ஏறுகிறாய் என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தால் அம்மாவின் குரல் வரவில்லை. மகளுக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் தெரியும். பயந்துபோய், சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளை செல் அறைக்கு வந்தார். வாசலில் காலுக்கு உறை, தலைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, உள்ளே வந்து, மாமியார் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கும் வரை நின்றார். பதவிசான பிள்ளை. கதவைக்கூடத் தட்டித்தான் சாத்துவார். அப்பா எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துப் பார்த்தவர் யாருமில்லை.

"அத்தை, எனக்குத் தெரியும்," என்றார்.

"எது மாப்பிள்ளை?"

"கல்லு நகர்றது. முதல் தடவையே பாத்தேன். அப்பாகிட்ட சொன்னேன். நம்ம லேப்ல அந்த ஜீன் நகராதுன்னார். நானும்... நகரலைன்னு வெச்சுக்கிட்டேன்."

செல்லுக்காரம்மா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை இதுவரை. வீட்டுக்கு வந்தால் அவர் தட்டில் விழுவதுதான் பெரிய துண்டு. இப்போது என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமலாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நீங்க சொல்லிடுங்க அத்தை. நான் குறுக்க பேச மாட்டேன்."

எத்தனை தாராளம். அப்பா இவளைச் சாட்சியாக வாங்கினார். பிள்ளை இவளைத் தன் வாயாக வாங்க வந்திருக்கிறார். இரண்டு பேருமே விலை கொடுக்கப் போவதில்லை.

"நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றாள், காற்றுக்குச் சொல்கிற மாதிரி. மாப்பிள்ளை குனிந்து காது கொடுக்க வேண்டியிருந்தது. "சம்பந்தியம்மாவுக்குக் கோபம், பொண்ணு வீட்டு வம்பு, செல்லு கிழடுன்னு உங்கப்பா சொல்லுவார். கமிட்டி இன்னொரு லேபைப் பாக்கலாம்னு மூணு மாசம் தள்ளும். கீழ பெஞ்சில உக்காந்திருக்கிறவங்களும் அந்த மூணு மாசம் உக்காந்திருப்பாங்க, மாத்திரை இல்லாம."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "மாத்திரை இல்லாமலா? யாரு?"

அவருக்குத் தெரியவில்லை. அதை மட்டும் அப்பா அவரிடம் சொல்லவில்லை. அவள் கண்டக்டரம்மாவைப் பற்றிச் சொன்னாள், பரீட்சையையும் லீவையும் பற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் தலையுறையைக் கழற்றிக் கையில் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"கையால செஞ்சது நீங்க. வாயால சொல்றதும் நீங்கதான். இல்லேன்னா நான் சொல்லுவேன், ஆனா அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசப்படியில உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிட எனக்கு வாய் வராது."

மாமியார் மாப்பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? இல்லைதான். பேசி முடித்துவிட்டு நுண்ணோக்கியின் விளக்கை மறுபடி போட்டாள். மாப்பிள்ளை கதவைத் தட்டாமலே சாத்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. தலைமை வகித்தவர் அறுவைப் பிரிவின் மூத்த டாக்டரம்மா, எல்லோருக்கும் பெரியம்மா. தையல் போடுகிறபோது மட்டும்தான் பொறுமைசாலி என்று பேர். நீள மேசை, எல்லோருக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில், யாரும் தொடாத ஒரு தட்டு பிஸ்கட். சம்பந்தி எழுந்து நின்று பெப்டைடின் பெருமையைப் பாடினார். திரைக்குப் படங்களை மாற்றிக்கொடுக்கும் வேலை மாப்பிள்ளையுடையது. கடைசியில், குழு கேட்ட மறுசோதனைக்கு வருகிறேன் என்று சொல்லி சம்பந்தி கையசைத்தார். திரையில் வந்தது செல்லுக்காரம்மாவின் படம். அவள் கைபேசியில் அனுப்பிய அதே படம். அடியில் அவள் எழுதிய வார்த்தைகளையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்: உங்களுக்கு வந்ததேதான்.

"என் சம்பந்தியம்மாங்கிறதால சொல்லலை," என்றார் அவர், மேசையைச் சுற்றிச் சிரித்து, "இந்தக் கட்டடத்துல அவங்க அளவுக்குக் கறாரான ஆள் கிடையாது."

பாராட்டிக் கழுத்தை அறுப்பது என்றால் அதுதான். மறுத்துப் பேசினால் அவள் எழுதியதை அவளே மறுக்கிறாள் என்றாகும். அவள் எழுந்தாள். அது முதல் கணக்கு, பழைய எடைக்கல்லை வைத்துப் போட்டது, பிறகு செய்ததில் ஜீன் கூடுகிறது என்று சொன்னாள். சொன்னது பக்கத்து இரண்டு நாற்காலியைத் தாண்டவில்லை. என்ன சொல்றாங்க என்று மேசையின் கோடியில் கேட்டார்கள். சம்பந்தி கையை விரித்து, குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு வருவது சகஜம், அவர் செல்களுக்கு வயதாகியிருக்கலாம் என்று நான் முன்பே சொன்னேன் என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த நேரத்தில் அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும்.

அறுவைப் பெரியம்மா பேனாவால் மேசையைத் தட்டினாள். "சம்பந்தம் பேசுறது அப்புறம் இருக்கட்டும். முதல் சோதனையைக் கையால செஞ்சது யாரு?"

திரை இருண்டது. பிறகு வெளிச்சமானபோது அதில் பட்டைப் படம் இல்லை, வளைகோடுகள் இருந்தன. ஐந்தாம் மாடியின் முதல் சோதனையில் வந்த மூலக் கோடுகள். எடைக்கல்லின் கோடு மட்டும் மற்றதை விட்டுவிட்டு முன்னால் ஓடியிருந்தது.

"நான்தாங்க செஞ்சேன்," என்றார் மாப்பிள்ளை. "அத்தை சொல்றது சரி. அரோமடேஸ் குறையலை. நாங்க எடைக்கல்லா வெச்ச ரெஃபரன்ஸ் ஜீன்தான் ஏறிச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும். வேற ஜீனை வெச்சு நானும் நேத்து போட்டுப் பாத்தேன். கூடத்தான் செய்யுது."

எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தார்கள். அவர் பெற்ற பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது வெகு நேரம் நீடிக்கவில்லை. மனிதர் மூச்சை இழுத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மாட்டிக்கொண்டபோது வேறு ஆளாகிவிட்டிருந்தார்.

"இதைத்தான் நான் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர நினைச்சேன்," என்றார். "ஒரு பெப்டைடு அரோமடேஸைக் கூட்டுதுன்னா, யோசிச்சுப் பாருங்க, அந்தப் பெப்டைடை அடக்கினா? இது இன்னும் பெரிய வாய்ப்பு."

விற்கவந்த குதிரை நொண்டி என்று தெரிந்ததும், அதே மூச்சில் லாடம் விற்க ஆரம்பித்தவரை என்ன செய்வது? அறுவைப் பெரியம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். பிறகு அவள் பேச வேண்டியதைப் பேசினாள். ஊசிச் சோதனை கிடையாது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். காத்திருக்கிற பெண்கள் என்று யாரோ இருப்பதாகச் செல்லுக்காரம்மா சொன்னதும், யார் அனுமதித்தது என்று பெரியம்மா கேட்டது கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். இன்றைக்கே எல்லோருக்கும் மாத்திரை, திங்கட்கிழமையிலிருந்து அறுவைக்குத் தேதி என்று உத்தரவு போட்டாள். விசாரணை நடக்கும் என்றாள். விசாரணை என்றதும் சம்பந்தி நோட்டெடுப்பவர் பக்கம் திரும்பி, தானே அதை வரவேற்பதாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்து லிஃப்டில் ஏறினால், பின்னாலேயே அவரும் ஏறினார். கதவு சாத்திக்கொண்டது.

"நல்ல வேலை பண்ணீங்க சம்பந்தியம்மா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. புதுக் கட்டுரைல உங்க பேரைத்தான் முதல்ல போடப்போறேன்."

அவள் நினைத்திருந்த வெற்றி இது இல்லை. கத்துவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், உறவை முறிப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மனிதர் வெட்கப்படுவார் என்று மட்டும் உள்ளூர நம்பியிருந்தாள் போலிருக்கிறது. ஐந்தாம் மாடிப் பொத்தானுக்கு நீண்ட அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே வேறு பொத்தானை அமுக்கினாள்.

"இது கீழ போகுதே," என்றார் சம்பந்தி.

"ஆமா."

"என் ரூம் மேல இருக்கு."

"கீழதான் வேலை இருக்கு. நீங்க உக்கார வெச்சவங்க. நீங்களே சொல்லுங்க."

செவிலியை வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றார், முறைப்படி கடிதம் போகும் என்றார். கதவு திறந்தது. அவள் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் பெஞ்சுக்கு நடந்தார். கண்டக்டரம்மா அவரை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள்.

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆய்வில் சில மாற்றங்கள் ஏற்பட்டிருப்பதாகவும், எதிர்பார்த்ததற்கு ஓரளவு மாறான போக்குகள் தென்பட்டிருப்பதாகவும், அதனால் தற்போதைக்கு என்று ஆரம்பித்தார்.

"ஊசி நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க சார்," என்றாள் கண்டக்டரம்மா.

சம்பந்தி செல்லுக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கெட்டது," என்றார்.

"அப்ப என்னை எதுக்கு இத்தனை நாளா மாத்திரைகூட இல்லாம உக்கார வெச்சீங்க?"

இதற்கு மேல் இறங்க அவரிடம் படி இல்லை. கண்டக்டரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாத்திரை எங்கே தருவார்கள் என்று கேட்டாள். அவர் நடைக்கூடத்தின் கோடியைக் கைகாட்டினார்.

"கை காட்டாதீங்க," என்றாள் அவள். "கூட வாங்க. வரிசைல நீங்க நில்லுங்க, நான் உக்காந்திருக்கேன்."

ஐந்தாம் மாடித் தலைவர் மருந்து வரிசையின் வாலில் போய் நின்றார். முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்து, டோக்கன் வாங்கினீங்களா என்று கேட்டார். செல்லுக்காரம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மனம் ஆறவில்லை. வரிசை ஒரு ஆள் நகரும் வரை நின்றுவிட்டு, மகளைக் கைபேசியில் கூப்பிட்டாள். இவள் ஒரு வார்த்தை பேசியதும் மகள், ஏம்மா கத்துறே என்றாள்.